திரும்பிய நேரம்

கயிறு நனைந்திருந்தது.

உல்ஜான் அதை வேண்டுமென்று தொடவில்லை. காலை ஏழு மணிக்கு வெப்பமானியைப் பார்த்துவிட்டுப் படியேறும்போது கால் சறுக்கியது. விழாமலிருக்கக் கதவு நிலையில் கட்டியிருந்த பழைய கயிற்றைப் பிடித்தாள். உள்ளங்கை ஈரமாகிவிட்டது. பனி உருகிய ஈரமாக இருக்கும் என்று கையை உதறியவள், வாடை மூக்கில் ஏறியதும் நின்றாள். பாசி, மீன் செதில், படகின் அடியில் ஊறிய மரம். நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தாள். கசப்பில்லை. கரைமேட்டு உப்புத்தூசி நாக்கில் பட்டால் நாள் முழுக்கக் கசக்கும். இது கடல்.

கோக்மோயின் கரையிலிருந்து கடல் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இப்போது அது நாற்பத்தாறு கிலோமீட்டருக்கு அப்பால் எங்கோ கிடக்கிறது. செப்டம்பருக்குப் பிறகு ஒரு சொட்டு மழையும் இல்லை.

"ஒட்டகம் நக்கியிருக்கும்," என்றான் செய்த்கலி. அவன் அவளுடைய கணவன், அந்த வானிலை நிலையத்தின் தலைவன், அவளைத் தவிர அங்கே இருந்த ஒரே ஆள்.

"ஒட்டகத்து வாயில மீன் வாடையா வரும்?"

"காலங்காத்தால குறுக்கு விசாரணை பண்ணாதம்மா. டீயை ஊத்து."

அவள் ஊற்றினாள். பால் ஊற்றும்போதும் கையில் அந்த வாடை இருந்தது.

கயிற்றைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தைந்தில் நிலையம் கட்டியபோதே கட்டிய கயிறு அது. பிறகு நாலைந்து முறை மாற்றியிருப்பார்கள், வழக்கம் மட்டும் மாறவில்லை. கதவு நிலையிலிருந்து, வரிசையாக நட்ட முளைகளின் மேல், தண்ணீருக்குள் நின்ற அளவுக்கம்பம் வரைக்கும் நூற்று நாற்பது அடி வைக்கும் தூரம் ஓடும். தினம் இரண்டு வேளை ஒருவர் போய்க் கம்பத்தில் கடல்மட்டம் பார்க்க வேண்டும். மூடுபனி நாளில் கயிற்றைப் பிடித்தபடி போவார். அளவைப் பார்த்ததும் மூன்று முறை இழுப்பார். கதவு மேலிருக்கும் பித்தளை மணி மூன்று முறை அடிக்கும். வீட்டில் இருப்பவர் பதிலுக்கு மூன்று முறை இழுக்க வேண்டும். பதில் வராமல் அங்கிருந்து கிளம்பக் கூடாது. வீட்டுப் பக்கம் முடிச்சு அவிழ்ந்திருந்தால் கயிறு எங்கே கூட்டிக்கொண்டு போகும் என்று யாருக்குத் தெரியும்? திரும்பியவர் வாசலில் பூட்ஸைக் கழற்றி, நிலைப்படியில் நின்று, அளவை உரக்கச் சொல்வார். அதைக் காதால் கேட்ட பிறகுதான் பதிவேட்டில் நீர்மட்டத்தையும், திரும்பிய நேரத்தையும் எழுதலாம்.

கடல் பின்வாங்கப் பின்வாங்க, அதைத் துரத்திக்கொண்டு புதுப்புதுக் கம்பம் நட்டார்கள். ஒன்பதாவது கம்பமும் தரையில் நின்றபோது செய்த்கலிக்கு அலுத்துவிட்டது. பதினோரு வருடமாகக் கடல்மட்டத்தை அறைக்குள்ளேயே உட்கார்ந்து, போன மாதத்து எண்ணில் கொஞ்சம் கழித்து எழுதிவந்தார்கள். இந்தக் கரையில் எல்லா நிலையத்திலும் அதுதான் நடந்தது, யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. ஒரே ஒரு சிக்கல். 'போனவர்' என்ற இடத்தில் யார் பெயரைப் போடுவது? எட்டு மணிக்கு வயர்லெஸில் செய்தி அனுப்புகிறவளும், மேகம் பார்க்கிறவனும் அதே நேரத்தில் கடலுக்கும் போயிருக்க முடியாதே. மூன்றாவது ஆள் வேலை காலியாகவே கிடந்தது. அலமாரியில் ஒரு பழைய எனாமல் குவளை இருந்தது. அதன் அடியில் ஆணியால் கீறிய பெயர்: ஓராஸ்.

"எப்பவோ இங்க வேலை பாத்த புண்ணியவான். மாத்தலாகிப் போய் எங்கயாவது தோட்டத்துல ஆப்பிள் தின்னுட்டிருப்பாரு," என்று செய்த்கலி அந்தப் பெயரைப் போட்டான். அன்றிலிருந்து தினம் இரண்டு வேளை, காகிதத்தில், ஓராஸ் கடலுக்குப் போனார். குடிக்க மாட்டார், லீவு கேட்க மாட்டார், சண்டை போட மாட்டார். "இவருக்கு ஒரு பொண்ணு பாக்கணும் உல்ஜான், பாவம் தனியா கெடக்காரு," என்று சிரிப்பான் செய்த்கலி. திரும்பிய நேரத்தை மட்டும் அவன் ஒருநாளும் எழுதவில்லை. சோம்பல்தான், வேறொன்றும் இல்லை.

இப்போது நிலையத்தை மூடப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை ஒரு கமிஷன் வந்து அறுபத்து மூன்று வருடப் பதிவேட்டையும் எடுத்துப் போகும். தந்தியில் இரண்டு வேலை சொல்லியிருந்தது. நிலையத்தின் வரலாறு, மூன்று பக்கத்துக்குள். பதிவேட்டில் ஓர் இடமும் காலியாக இருக்கக் கூடாது.

உல்ஜானின் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் இரண்டும் அவள் தலையில் விழுந்தன. திங்கள் மாலை, ஓராஸ் பெயர் தொடங்கும் புத்தகத்தைத் திறந்து, காலியாகக் கிடந்த திரும்பிய நேரத்தையெல்லாம் கூர் சீவிய பென்சிலால், மேலிருந்து கீழே எழுதிக்கொண்டே போனாள். ஓராஸ், போன நேரம் 07:40, திரும்பிய நேரம் 08:15. ஓராஸ், போன நேரம் 19:40, திரும்பிய நேரம் 20:10. விரல் வலிக்கும்வரை எழுதினாள். இருநூறு வரி இருக்கும்.

கயிறு நனைந்திருந்தது மறுநாள், செவ்வாய்க்கிழமை காலையில்.

அன்று எட்டு மணிக்கு வயர்லெஸில் க்ளாரா வந்தாள். நகரத்து மையத்தில் உட்கார்ந்து கரையோர நிலையங்களையெல்லாம் கேட்பவள். உல்ஜானை அக்கா என்பாள், செய்த்கலியை மச்சான் என்று வம்பிழுப்பாள்.

"கடல் சொல்லுங்கக்கா."

உல்ஜான் அறையில் எழுதிய எண்ணைச் சொன்னாள்.

"ஓராஸ் அண்ணன் போயிட்டு வந்துட்டாரா? நாப்பத்தாறு கிலோமீட்டர், அரை மணி நேரத்துல! அவரை ஒலிம்பிக்ஸுக்கு அனுப்புங்க. மச்சானுக்கு மூட்டைப்பூச்சி பிடிக்கக்கூட எந்திரிக்க முடியாது."

உல்ஜான் சிரித்தாள். சிரித்து முடித்தபோது, வயர்லெஸின் இரைச்சலுக்கு அடியில், மரத்தின் மேல் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. சொட்டு. ஓர் இடைவெளி. சொட்டு. போய்ப் பார்த்தாள். வாசலுக்கு உள்பக்கம் தரைப்பலகை ஒரு சாண் அகலத்துக்குக் கறுத்து ஊறியிருந்தது. மேலே கூரை காய்ந்து கிடந்தது.

அன்றும் எழுதினாள். நாலு வருடத்தை முடித்தாள். எழுத எழுதக் கை தானாக ஓடியது.

புதன்கிழமை காலையில் வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ் இருந்தது. பழைய மாதிரி, உயரமான ரப்பர் பூட்ஸ், மூக்கு வீட்டைப் பார்த்தபடி. உள்ளே தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. செய்த்கலிதான் கொட்டகையிலிருந்து எடுத்து வைத்திருப்பான் என்று அவள் கேட்கவில்லை. அவள்தான் கழுவி வைத்திருக்கிறாள் என்று அவனும் கேட்கவில்லை. இருவருமே வைக்கவில்லை என்று மாலையில்தான் தெரிந்தது. அதற்குள் அவள் கடைசிப் புத்தகத்தின் கடைசி வரியையும் எழுதி முடித்திருந்தாள். எட்டாயிரத்துச் சொச்சம் வரி. எல்லாவற்றிலும் ஓராஸ் திரும்பி வந்துவிட்டார்.

"யாரோ விளையாடறாங்க," என்றான் செய்த்கலி.

"யாரு? இந்தக் கரையில நம்மளத் தவிர யாரு இருக்கா?"

அவன் பூட்ஸைத் தூக்கி, தண்ணீரைக் கொட்டி, கொட்டகைக்குள் எறிந்துவிட்டு வந்தான். கொட்டிய இடத்தில் ஒரு விரல் நீளக் குஞ்சு மீன் துள்ளியது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அது அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அன்றிரவு வரலாறு எழுதுவதற்காக உல்ஜான் பழைய பதிவேடுகளை இறக்கினாள். உப்பில் மொடமொடத்த காகிதம். யாரார் எந்த வருடம் வேலை பார்த்தார்கள், எந்தப் புயலில் கம்பம் சாய்ந்தது, எந்தக் குளிரில் கடல் உறைந்தது என்று குறிப்பெடுத்துக்கொண்டே வந்தவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்பதில் நின்றுவிட்டாள்.

நவம்பர் பதினான்கு. மூடுபனி. போனவர்: ஓராஸ். போன நேரம்: 07:40. நீர்மட்டம்: 212. திரும்பிய நேரம் என்ற இடம் காலி.

ஓரத்தில் வேறொரு கை எழுதியிருந்தது. 'எட்டு மணிச் செய்தி தவறக் கூடாது என்று, அவர் வருமுன் நேற்றைய அளவையே எழுதி அனுப்பிவிட்டேன். அனுப்பும்போது மணி மூன்று முறை அடித்தது. எழுந்து போகவில்லை. பிறகு காற்று திரும்பி நீர் ஏறிவிட்டது. அவர் பதிலுக்காக நின்றிருக்கிறார்.'

அதற்குப் பிறகு, மூடுபனி என்று எழுதிய ஒவ்வொரு நாளிலும், ஓரத்தில் மூன்று சின்னக் கோடுகள். அந்த ஆள் மாற்றலாகிப் போன பிறகும், அடுத்து வந்தவர் கையில் மூன்று கோடு. அவருக்கு அடுத்தவர் கையிலும். யாரும் ஒரு வார்த்தை விளக்கம் எழுதவில்லை. கயிற்றின் முனையைவிட்டுக் கடல் விலகிப் போன வருடம்தான் கோடுகள் நின்றன. கம்பத்தடியில் தண்ணீர் வற்றியும் ஓராஸின் எலும்புகூடக் கிடைத்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை.

உல்ஜான் கணவனை எழுப்பிக் காட்டினாள். அவன் படித்தான். கேலி செய்ய வாய் திறந்தவன் மறுபடியும் முதலிலிருந்து படித்தான்.

"நான் எழுதினதையெல்லாம் அழிச்சிடறேங்க."

"பதிவேட்டுல அழிக்கக் கூடாது. உனக்குத் தெரியாதா?"

"கடலுக்குப் போகாமலே போனதா எழுதலாமா? அது மட்டும் சட்டத்துல இருக்கா தலைவரே?"

அவள் அழிரப்பரை எடுத்துக் கடைசியாக எழுதிய பக்கத்தில் தேய்த்தாள். பென்சில் எழுத்து போகவில்லை. காகிதம் ஈரமாகி, மெல்ல உரிந்து வந்தது. அதே எழுத்து அடியிலிருந்த வெற்றுப் பக்கத்தில் இருந்தது. அதற்கடுத்த பக்கத்திலும்.

வியாழன் காலையில் மூடுபனி வந்தது.

நவம்பரில் அந்தக் கரையில் தூசி வரும், ஊசிபோல் குளிர்காற்று வரும், மூடுபனி மட்டும் வராது. மூடுபனிக்குத் தண்ணீர் வேண்டும். அன்று அது ஜன்னல் கண்ணாடியில் பாலாடைபோலப் படிந்து, வெப்பமானிக் கூண்டை விழுங்கி, கொட்டகையை விழுங்கி, கதவிடுக்கு வழியாகப் பாசி வாடையை உள்ளே அனுப்பிக்கொண்டு, வீட்டைச் சுற்றி அசையாமல் நின்றது. அதற்குள்ளிருந்து, மிக அருகிலிருந்து, ஏதோ கரையைத் தொட்டுத் தொட்டு விலகுவதுபோல ஒரு சளசளப்பு கேட்டது. அந்தச் சத்தத்தை உல்ஜான் கடைசியாகக் கேட்டது கல்யாணமாகி வந்த புதிதில். அப்போது அதைக் கேட்டால் தூக்கம் நன்றாக வரும்.

ஏழரைக்கு மணி அடித்தது.

மூன்று முறை.

செய்த்கலி டீக்குவளையை வைத்துவிட்டு எழுந்தான். அவள் கையைப் பிடிப்பதற்குள் வாசலுக்குப் போய்க் கயிற்றைப் பதிலுக்கு மூன்று முறை இழுத்துவிட்டான். இருபது வருட வேலைப் பழக்கம். யோசித்திருந்தால் செய்திருக்க மாட்டான்.

இருவரும் காத்து நின்றார்கள். யாரும் வரவில்லை. கயிறு மட்டும் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த முனையை யாரோ பிடித்திருந்தார்கள்.

"கமிஷன் ஆளுங்களா இருந்தா? ஒரு நாள் முந்தியே கெளம்பி, வண்டி பழுதாகி, வழி தெரியாம கயித்தைப் பிடிச்சிருந்தா?"

"இல்லைன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியல உல்ஜான். தெரிஞ்சா போக மாட்டேன். பதில் கொடுத்தும் ஒருத்தன் வரலைன்னா நாமதான் போய்க் கூட்டிட்டு வரணும். அதுதான் இங்க வழக்கம். இன்னொரு தடவை ஒருத்தன அங்கயே நிக்க வைக்கச் சொல்றியா?"

அவள் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டாள். "போகாதீங்க. நான் எழுதினதாலதான் இதெல்லாம். நான்தான் வரவழைச்சேன்."

"நூத்திநாப்பது அடி," என்றான். கோட்டை அவள் விரலிலிருந்து மெதுவாக விடுவித்தான். "டீ ஆறறதுக்குள்ள வந்துடறேன். குவளையை மூடி வை, ஈ விழும்."

நவம்பரில் ஏது ஈ? அவன் பயந்திருக்கிறான் என்று அதில்தான் அவளுக்குத் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினான். நாலாவது அடியில் தோள் மறைந்தது. ஆறாவதில் தொப்பி. அதன் பிறகு காலடிச் சத்தம் மட்டும், உப்புப் பொருக்கு நொறுங்கும் சத்தம். அவள் எண்ணினாள். எண்பது. தொண்ணூறு. நூற்றுப் பத்தில் சத்தம் மாறியது.

நொறுங்கவில்லை. சளக்.

சளக்.

பிறகு ஒன்றுமில்லை.

அவள் உள்ளே ஓடி மேசை முன் நின்றாள். பழக்கம் அவளையும் விடவில்லை. போனவர்: செய்த்கலி. போன நேரம்: 07:40. பதினோரு வருடத்தில் அந்த இடத்தில் எழுதிய முதல் உண்மை அது.

மணி மூன்று முறை அடித்தது.

"வந்துட்டாரு!" என்று வாய்விட்டுக் கத்தினாள். ஓடிப்போய் இரண்டு கையாலும் கயிற்றை இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. உயிரைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்தாள். கயிறு விறைத்தது. முளைகள் முனகின. அதைப் பிடித்துக்கொண்டு யாரோ ஏறி வருகிறார்கள். காலடி. கனமான, ஈரமான காலடி. பனிக்குள் படிக்கட்டின் கீழே நின்றது. ஒரு பூட்ஸ் கழலும் சத்தம், காலை ஈரம் கவ்விப்பிடித்து விடும் சத்தம். இன்னொன்று.

"ஏங்க?"

நிலைப்படியில், அவள் முகத்துக்கு நேரே, யாரும் இல்லாத இடத்தில் ஒரு குரல் உரக்கச் சொன்னது.

"இருநூத்திப் பன்னெண்டு."

செய்த்கலியின் குரல் இல்லை. வாய் நிறையத் தண்ணீர் வைத்திருக்கும் ஒருவன் குரல். குளிர் அவள் பக்கமாக உரசிக்கொண்டு உள்ளே போனது. தரைப்பலகையில் ஒரு வெறுங்கால் தடம் ஊறியது. அதற்கு முன்னால் இன்னொன்று.

மணி அடித்தது. மூன்று முறை.

அவள் இழுக்கவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஆனாலும் கயிறு ஆடியது. ஆனாலும் காலடி வந்தது. பூட்ஸ் கழன்றது.

"இருநூத்திப் பன்னெண்டு."

அதே குரல். அதே ஆள். மறுபடியும் குளிர் உரசிப் போனது. மறுபடியும் மணி. இடைவெளி குறைந்தது. மணி நிற்காமல் அடித்தது. நிலைப்படியில் குரல் மேல் குரல் விழுந்தது. அவள் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஓராஸ். செவ்வாய்க்கிழமையிலிருந்து வழியில் இருந்திருக்கிறார்கள். நேரம் குறித்துக் கொடுத்தவள் அவள்தான்.

"செய்த்கலி!" என்று பனியைப் பார்த்துக் கூவினாள். "செய்த்கலி! திரும்பி வாங்க!"

வயர்லெஸ் கரகரத்தது. எட்டு மணி.

"கோக்மோயின், கோக்மோயின். அக்கா, என்ன, உங்க பக்கம் மூடுபனின்னு அடுத்த நிலையத்துல சொல்றாங்க? அங்க ஏதுக்கா பனி?"

உல்ஜான் தடங்களின் மேல் மிதித்துக்கொண்டு மேசைக்கு ஓடினாள். "க்ளாரா, யாரையாவது அனுப்பு! அவர் கயித்தைப் பிடிச்சிட்டுப் போயிட்டாரு. வரலை. யாரையாவது அனுப்பும்மா!"

"அக்கா, எனக்குச் சரியா கேக்கல. உங்க ரூம்ல யாரு அவ்வளவு பேரு?" க்ளாராவின் குரலில் விளையாட்டு போய்விட்டது. "எல்லாரும் ஏன் ஒரே நம்பரைச் சொல்றாங்க?"

அதோடு நின்றுவிட்டது. இரைச்சல். இரைச்சலுக்குள் அலை.

மணியும் நின்றது.

உல்ஜான் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அறையில் ஒருவரும் இல்லை. தரைப்பலகை முழுக்க, சுவர்முதல் சுவர்வரை, ஒரு விரல் வைக்க இடமின்றித் தடங்கள். எல்லாம் ஒரே அளவு. எல்லாம் மேசையைப் பார்த்து நின்றன. அவளைச் சுற்றி மட்டும் ஒரு சின்ன வட்டம் காய்ந்திருந்தது.

திறந்த கதவுக்கு வெளியே பனி கொஞ்சம் விலகியது. பூட்ஸ். ஜோடி ஜோடியாக. மூக்கு வீட்டைப் பார்த்தபடி, கயிற்றின் இரு பக்கமும், வரிசை வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரைக்கும். ஒன்றுகூட செய்த்கலியுடையது இல்லை. அவளுக்கு அவனுடைய பூட்ஸ் தெரியும், குதிகாலில் அவளே ஒட்டிய ஒட்டு இருக்கும்.

பதிவேடு திறந்திருந்தது. செய்த்கலி, 07:40. திரும்பிய நேரம் காலி.

எழுதினால் வருவான். அது இப்போது அவளுக்குத் தெரியும். எப்படி வருவான் என்பதும் தெரியும். எழுதாவிட்டால் அவன் அங்கேயே நிற்பான், ஒரு கையில் கயிற்றைப் பிடித்தபடி, இடுப்பளவு, கழுத்தளவு, பதிலுக்காக. டீயின் மேல் ஆடை கட்டியிருந்தது.

எழுதக் கூடாது. எழுத மாட்டேன். பென்சிலைக் கீழே வைக்க நினைத்தாள்.

விரல் மடங்கவில்லை.

ஒரு கை. அவள் கையின் மேல். ஈரமாக, கனமாக, ஊறிச் சுருங்கிய தோலோடு. முரட்டுத்தனம் இல்லை. பிள்ளைக்கு முதல் எழுத்தைப் பழக்குவதுபோல அவ்வளவு பொறுமை. எட்டாயிரம் முறை தனக்கு அவள் செய்ததை அவள் கணவனுக்குச் செய்துகொடுக்கிற கை. அவள் அலறினாள். பென்சில் நகர்ந்தது. சுழியம். எட்டு. புள்ளிகள். ஒன்று. ஐந்து.

காதோரம் தண்ணீர் நிறைந்த ஒரு மூச்சு, வேலை முடிந்தது என்பதுபோல, வெளியேறியது.

கதவுக்கு வெளியே, நிலைப்படியை ஒட்டி, பூட்ஸ் வரிசையின் தலைப்பில் ஒரே ஒரு ஜோடிக்கு இடம் விட்டிருந்தது.

கயிறு விறைத்தது. மணி மூன்று முறை அடித்தது.